இரண்டாம் பந்தியின் ரசிகர்கள்

தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ‘கத்துக்குட்டி அணி’ என்ற சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது. வங்கதேசம், கென்யா, அயர்லாந்து, நெதர்லாந்து, நேபாளம் என்று அது அணிக்கு அணி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தொழில் பழக வந்த பையனுக்குப் பட்டறையில் வைக்கிற பெயர் அது. செல்லமும் இளக்காரமும் அதில் பாதிப்பாதி. ஆசான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் எதிரில் இருப்பவன் கத்துக்குட்டியாகத் தெரிவான். அவன் வீட்டில் அந்தப் பெயர் வழங்காது, ‘பையன் வேலைக்குப் போகிறான்’ என்றுதான் பெற்றவர்கள் ஊரில் சொல்வார்கள். எளிய அணி ஒன்று உலகத் தொடரில் ஆடும்போது அதற்காகக் கைதட்டுகிறவர்களிலும் இப்படி இரு தரப்பு உண்டு. பட்டறையிலிருந்து பார்க்கிறவர்கள் ஒரு தரப்பு, வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் மறு தரப்பு. இருவரும் ஒரே அரங்கில் ஒரே பவுண்டரிக்கு எழுந்து நிற்பதால் அவர்களை ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் இருவரும் கேட்பது வேறுவேறு, சில வேளைகளில் ஒன்றுக்கொன்று எதிரானது. எளியவர் எளியவராகவே வந்து ஒரு நாள் வியப்பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது முதல் தரப்பின் ஆசை. இரண்டாம் தரப்புக்கு வேண்டியது பந்தியில் ஓர் இடம். நேபாள ரசிகர்களை முன்வைத்து இதை நிறுவ முடியும் என்று நினைக்கிறேன்.

எளியவர் பக்கம் சாயும் மனத்தைச் சமூக உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1991இல் ஃப்ரேசியர், ஸ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் ஒரு கற்பனைத் தொடரை விவரித்தார்கள். ‘அ’ வலுவான அணி, ‘ஆ’ தேறாத அணி, மோதல் ஏழு ஆட்டங்கள். நூற்றுக்கு 81 பேர் ‘ஆ’ பக்கம் நின்றார்கள். முதல் மூன்று ஆட்டங்களையும் ‘ஆ’ வென்றுவிட்டது என்று அடுத்துச் சொன்னதும், அப்படி நின்றவர்களில் பாதிப்பேர் கட்சி மாறி ‘அ’வுக்குப் போனார்கள். 2007இல் வாண்டெல்லோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் காட்சியைக் காட்டி, எது எளிய அணி என்ற தகவலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்கள். எளியது என்று சொல்லப்பட்ட அணிதான் அதிகம் பாடுபட்டதாகப் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். திறமை என்ற சான்றிதழ் வலிய அணிக்கே போனது. தோற்கக்கூடிய அணியிடம் பணம் அதிகம் இருக்கிறது என்று தெரிந்தால் பரிவு விலகிவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பரிவு ஓர் அணியின் மேல் வைத்தது என்று சொல்வது கடினம். ஒரு நிலைமையின் மேல் வைத்தது அது. நிலைமை மாறினால் பரிவும் இடம் மாறும். ‘பாவம், நன்றாக உழைத்தார்கள்’ என்ற பாராட்டிலேயே ‘திறமை வேறிடத்தில் இருக்கிறது’ என்ற தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இதைச் சென்னையிலேயே பார்த்தோம். 2023 அக்டோபர் 23 அன்று சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் 282 ரன்னைத் துரத்திய ஆப்கானிஸ்தான் இரண்டே விக்கெட்டுகளை இழந்து, ஓர் ஓவர் மீதம் இருக்கையில் வென்றது. அரங்கு அன்று ஆப்கானியர் பக்கம் இருந்தது. 1999 ஜனவரியில் இதே மைதானத்தில் இந்தியாவை 12 ரன்னில் தோற்கடித்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தின் வாரிசுகள்தாமே என்று நமக்குப் பெருமைப்படத் தோன்றும். ஆனால் 2023இன் ஆரவாரத்தில் எளியவர் மீதான அன்பு எவ்வளவு, பாகிஸ்தான் தோற்க வேண்டும் என்ற ஆவல் எவ்வளவு, ஐபிஎல் வழியாக ரஷீத் கான் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட பழக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து நாள் முன்பு அதே மைதானத்தில் நியூசிலாந்திடம் ஆப்கானிஸ்தான் 149 ரன்னில் தோற்றதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஆட்டநாயகன் விருது பெற்ற இப்ராகிம் ஸத்ரான் அதைப் பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆப்கானியர்களுக்குக் காணிக்கையாக்கினார். ஆவணமற்றவர்கள் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அரசு அறிவித்திருந்த நேரம் அது. பல ஆப்கான் வீரர்கள் கிரிக்கெட் பழகியதே பெஷாவர் பக்கத்து அகதி முகாம்களில்தான். சேப்பாக்கத்தில் கைதட்டியவர்களுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. காபூலில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது மட்டும்தான் ஆட்டம்.

அயலாரின் பரிவு உண்மையானது. அதைக் கேலி செய்வதற்கில்லை. ஆனால் அதைக் கொண்டு எளிய அணிக்கு எதுவும் கிடைப்பதில்லை என்பதற்கு அயர்லாந்தைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2007 உலகக் கோப்பையில் 16 அணிகள் ஆடின. மார்ச் 17 அன்று ஒரே நாளில் அயர்லாந்து பாகிஸ்தானையும் வங்கதேசம் இந்தியாவையும் தோற்கடித்தன. இரண்டு பெரிய சந்தைகளும் முதல் சுற்றோடு வீடு திரும்பின. அடுத்த உலகக் கோப்பையில், 2011 மார்ச் 2 அன்று, பெங்களூரில் கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதமடிக்க, இங்கிலாந்தின் 327 ரன்னை அயர்லாந்து துரத்திப் பிடித்தது. உலகமே கொண்டாடியது. ஐந்து வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 4 அன்று மும்பையில் கூடிய ஐசிசி, 2015 உலகக் கோப்பையில் முழு உறுப்பினர்களான 10 அணிகள் மட்டுமே ஆடும், 2019இலும் 10 அணிகளுக்கே இடம் என்று முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2015க்கு மட்டும் 14 என்று ஜூனில் இறங்கி வந்தார்கள். 2019இலும் 2023இலும் 10தான். கைதட்டியது ஒரு கூட்டம், கதவைச் சாத்தியது இன்னொரு கூட்டம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கைதட்டிய கூட்டம் கதவு சாத்தப்பட்டபோது அரங்கைப் புறக்கணிக்கவில்லை. முன்பு நிலைமை இவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. 1979 உலகக் கோப்பையில் இணை உறுப்பினராக வந்து இந்தியாவை 47 ரன்னில் வென்ற இலங்கைக்கு 1981இல் முழு உறுப்புரிமை கிடைத்தது. 2003இல் அரையிறுதிவரை வந்த கென்யாவுக்கு அது கிடைக்கவே இல்லை. 2014இல் ஒருநாள் ஆட்டத் தகுதியும் போனது. கென்யாவின் சரிவுக்கு உள்நாட்டுச் சங்கத்தின் சீர்கேடும் வீரர்களின் ஊதியச் சண்டையும் பெருங்காரணங்கள். அயலாரின் அன்பு அங்கே ஒரு துரும்பையும் அசைக்கவில்லை என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

நேபாளத்துக்கு வருவோம். வெற்றி வந்தால் ரசிகர் வருவார் என்பது பொதுவான எண்ணம். அதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. தங்கள் பல்கலைக்கழகக் கால்பந்து அணி வென்ற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை மாணவர்கள் அதன் பெயர் பொறித்த உடையை அதிகம் அணிகிறார்கள் என்று 1976இல் சியால்டினியின் குழு காட்டியது. நேபாளத்தில் இந்த வரிசை தலைகீழ். அங்கே கூட்டம் முதலில் வந்தது, வெற்றி பின்னால் வந்தது. 2010இல் உலகக் கிரிக்கெட் லீக்கின் ஐந்தாம் பிரிவில் அந்த அணி ஆடியது. அமெரிக்காவும் சிங்கப்பூரும் எதிரணிகளாக இருக்கிற, வேறெங்கும் நாலு பேர்கூட எட்டிப் பார்க்காத தளம் அது. காத்மாண்டுவில் அதற்கும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். 2012இல் நான்காம் பிரிவு, 2013இல் மூன்றாம் பிரிவு என்று ஒவ்வொன்றாக வென்று அணி மேலே வந்தது. 2014இல் முதல் முறையாக டி20 உலகக் கோப்பைக்குப் போய், ஹாங்காங்கையும் ஆப்கானிஸ்தானையும் வென்றது. 2016 ஏப்ரலில் அரசுத் தலையீட்டைக் காரணம் காட்டி நேபாளக் கிரிக்கெட் சங்கத்தை ஐசிசி இடைநீக்கம் செய்தது. அது நீங்க 2019 அக்டோபர் ஆனது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் அணி இருந்தது, வாரியம் இல்லை. அந்த நிலையில்தான் 2018 மார்ச் 15 அன்று நேபாளம் ஒருநாள் ஆட்டத் தகுதியைப் பெற்றது. பப்புவா நியூ கினியைத் தாங்கள் வென்றால் போதாது, அதே நாளில் ஹாங்காங் நெதர்லாந்திடம் தோற்கவும் வேண்டும். இரண்டும் நடந்தன. ஹாங்காங்கும் நெதர்லாந்தும் மோதுகிற ஆட்டத்தின் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒரு நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றால், அது கிரிக்கெட்டின் அழகுக்காக அல்ல. எட்ட வேண்டிய படி எது, அதற்கு எத்தனை புள்ளி, நிகர ரன் விகிதம் எவ்வளவு என்று அந்த ரசிகருக்கு மனப்பாடம். பெரிய அணிகளின் ரசிகர்களுக்கு இந்தக் கணக்கு தொடர் முடியும் வாரத்தில் மட்டும் தேவைப்படும். நேபாள ரசிகர் ஆண்டு முழுவதும் இந்தக் கணக்கிலேயே வாழ்கிறார்.

கீர்த்திப்பூரில் இருக்கிற திரிபுவன் பல்கலைக்கழக மைதானத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். புல்மேடும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்த சனமும்தான் அங்கே ‘கேலரி’யாக இருந்தது. 2023 மார்ச்சில் அது மரக்கிளைகள்வரை நீண்டது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றுக்குப் போக, லீக் 2இன் கடைசி 12 ஆட்டங்களில் 11ஐ நேபாளம் வெல்ல வேண்டியிருந்தது. அந்த 11ஆவது வெற்றிக்கு, மார்ச் 16 அன்று, ஐக்கிய அரபு அமீரகம் 310 ரன் குவித்துவிட்டுக் காத்திருந்தது. நேபாளம் 44 ஓவரில் 269 எடுத்திருந்தபோது வெளிச்சம் மங்கி ஆட்டம் நின்றது. அப்போது மைதானத்தில் விளக்குகள் இல்லை. டக்வொர்த் லூயிஸ் கணக்கு 9 ரன் வெற்றி என்று சொன்னது. இந்த ஒரு மாலையில் எல்லாம் இருக்கிறது: விளக்குக் கம்பம்கூட இல்லாத மைதானம், சூத்திரத்தின் தயவில் வரும் வெற்றி, அந்தச் சூத்திரத்தை முன்கூட்டியே போட்டுப் பார்த்துவிட்ட கூட்டம். அந்தக் கூட்டத்துக்குக் கிடைத்தது கோப்பையல்ல. இன்னொரு தேர்வு எழுத ஒரு நுழைவுச்சீட்டு. அதற்குத்தான் அத்தனை கண்ணீர்.

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை, டாலஸ் பக்கத்து கிராண்ட் பிரெய்ரியில் நேபாளம் நெதர்லாந்துடன் ஆடியது. டி20 உலகக் கோப்பைக்குப் பத்தாண்டு கழித்துத் திரும்பியிருந்தது. வேலை நாளின் பகல் பொழுது. இருந்தும் அரங்கு நேபாளிகளால் நிரம்பியிருந்தது. அணி 106க்குச் சுருண்டு தோற்றது. இங்கே அந்த நாட்டைப் பற்றி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். 2021 கணக்கெடுப்பின்படி நேபாளத்தின் மக்கள்தொகை 2.92 கோடி, அது போக ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். நாட்டு வருமானத்தில் சுமார் கால் பங்குக்கு ஈடான பணம் அவர்களிடமிருந்து வருகிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இவர்கள் கட்டுகிறார்கள், காவல் நிற்கிறார்கள், சமைக்கிறார்கள். அந்த ஊர்களில் நேபாளி என்ற சொல் ஒரு வேலையைக் குறிக்கிறது. (வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) டாலஸில் வாழும் நேபாளிகளின் நிலை வேறு, அவர்களில் மாணவர்களும் குடியேறிய குடும்பங்களும் அதிகம். ஆனால் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. உலகத் தொடரின் புள்ளிப் பட்டியலில் மட்டும்தான் தங்கள் நாட்டின் பெயர் உதவி பெறும் நாடாகவோ ஆள் அனுப்பும் நாடாகவோ அல்லாமல், எதிரே நிற்கும் பெயருக்குச் சமமான எழுத்தில் அச்சாகிறது. 106க்குச் சுருண்டாலும் அச்சாகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை வெற்றியின் எதிர்பார்ப்பாலோ தோல்வியின் கவர்ச்சியாலோ விளக்க முடியாமல் போவதற்கு இதுவே காரணம் என்பேன்.

பத்து நாள் கழித்து, அதே தொடரில், கிங்ஸ்டவுனில் ஜூன் 14 இரவு, இரு தரப்பு ரசிகர்களின் வேறுபாடும் ஒரே பந்தில் வெளிப்பட்டது. தென்னாப்பிரிக்காவை நேபாளம் 115இல் கட்டிப்போட்டது. குஷால் புர்தேல் 19 ரன் கொடுத்து நாலு விக்கெட். கடைசி இரண்டு பந்தில் இரண்டு ரன் தேவை. குல்சன் ஜா இரண்டையும் மட்டையில் படாமல் விட்டார். கடைசிப் பந்தில் ஓடிய ஒரு ரன்னும் ஓரடி குறைந்து ரன் அவுட். 114. அந்த ஒரு ரன் முடிந்திருந்தால் சமன், சூப்பர் ஓவர். அயல் ரசிகருக்கு அது ஒரு மகத்தான மாலை, இந்தத் தொடரின் இனிய நினைவு. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: எளியவர் வலியவரை நடுங்கவைத்தார். நேபாள ரசிகருக்கு அது புள்ளி இழப்பு. வென்றிருந்தால் இரண்டு புள்ளி, அடுத்த சுற்றுக்கான வழி. இலங்கையுடனான ஆட்டத்தை லாடர்ஹில்லில் மழை கொண்டுபோயிருந்தது. பின்பு வங்கதேசத்தை 106க்குள் சுருட்டியும் 85க்கு மேல் எடுக்க முடியவில்லை. ஒரு வெற்றியும் இல்லாமல் தொடர் முடிந்தது. ‘என்ன அருமையாகப் போராடினார்கள்’ என்ற பாராட்டு அந்த வாரம் குவிந்தது. அதை வாங்கிக்கொண்டவர்கள் அந்த ஓரடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இது வெறும் தேசியவாதம்தானே, இதற்கு இத்தனை விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். தேசியவாதம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது எல்லா நாட்டு ரசிகரிடமும் இருப்பதால் இந்த வேறுபாட்டை விளக்காது. இந்திய ரசிகரின் தேசப்பற்று கோப்பையைக் கேட்கிறது, கிடைக்காவிட்டால் வீரரின் உருவ பொம்மையை எரிக்கிறது. நேபாள ரசிகரின் தேசப்பற்று தகுதியைக் கேட்கிறது. இன்னொரு ஆட்சேபம் கனமானது. இந்தப் பற்று தூய்மையானதா? இல்லை. நான் மேலே சொன்ன 2010 தொடரிலேயே அமெரிக்காவுடனான ஆட்டம் கையை விட்டுப் போகிறபோது கூட்டம் கையில் கிடைத்ததை மைதானத்துக்குள் எறிந்து ஆட்டத்தைத் தடைசெய்தது. அதன் பிறகான ரன் விகிதக் கணக்கால் பாதிக்கப்பட்ட சிங்கப்பூர் முறையிட்டது. சுழற்பந்து வீச்சாளர் சந்தீப் லாமிச்சானே மீது பாலியல் வன்முறை வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2023 பிப்ரவரியில் அவர் அணிக்குத் திரும்பினார். ஸ்காட்லாந்து, நமீபியா வீரர்கள் அவருடன் கைகுலுக்க மறுத்தார்கள், கீர்த்திப்பூர் அவருக்கு ஆரவாரித்தது. 2024 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் எட்டாண்டு சிறை விதித்தது, மே மாதம் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. விடுதலைக்கு முந்திய அந்த ஆரவாரத்துக்குத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது. வழக்கு என்னவாகும் என்று தெரியாத நாளிலேயே கூட்டம் தன் முடிவை எடுத்துவிட்டது. பெரிய அணிகளின் ரசிகர்களும் இப்படித்தான் என்பது உண்மை, ஆனால் விடையல்ல. எளிய அணிக்கு உலக மேடையில் பேர் வாங்கித் தர ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். அவர்களை இழப்பது இடத்தையே இழப்பதாகத் தோன்றுகிறது. இடத்துக்கான ஏக்கம் என்று நான் சொல்வதன் மறுபக்கம் இது, என் வாதத்துக்கு வெளியே நிற்பதல்ல.

மூன்றாவது ஆட்சேபம் கணக்குப் பிள்ளையினுடையது. கூட்டம் கேட்டால் இடம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. 2024 முதல் 2027 வரையிலான ஐசிசி வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு 38.5 விழுக்காடு என்றும், முழு உறுப்பினர்கள் பன்னிருவருக்கும் சேர்த்து சுமார் 89 விழுக்காடு என்றும், மிச்சமிருக்கும் 11 சொச்சம் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட இணை உறுப்பினர்களுக்கு என்றும் கணக்குகள் வெளியாயின. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்த பிறகு இலையில் மிஞ்சுவது அது. சந்தையைக் கொண்டுவருகிறவருக்குத்தானே பங்கு என்பார்கள். அந்தத் தர்க்கத்தில் நேபாளக் கூட்டம் ஒரு முரண். அது அரங்கை நிரப்புகிறது, திரையின் முன் உட்கார்கிறது, தொடருக்கு நிறமும் ஓசையும் தருகிறது. ஆனால் விளம்பரக்காரர் தேடும் பணம் அதன் பையில் இல்லை. எனவே 20 அணிகள் ஆடும் டி20 உலகக் கோப்பையின் விளம்பரப் படங்களில் அதற்கு இடம் கிடைத்தாலும், ஆண்டு முழுவதுக்குமான ஆட்ட அட்டவணையில் கிடைப்பதில்லை. பெரிய அணி ஒன்று நேபாளத்துடன் இருதரப்புத் தொடர் ஆடுவது அபூர்வத்திலும் அபூர்வம். ரசிகர் கேட்பதால் இடம் கிடைக்கிறது என்று நான் வாதிடவில்லை. அவர் கேட்பது அதுதான் என்கிறேன். அயலார் தருவதோ பரிவு. தராசில் வேறு பண்டத்தை வைத்துவிட்டு எடை சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2025 செப்டம்பர் கடைசியில் அபூர்வமான அந்த இருதரப்புத் தொடர்களில் ஒன்று நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளுடன் மூன்று டி20 ஆட்டங்கள், முழு உறுப்பினர் ஒருவருடன் நேபாளத்தின் முதல் இருதரப்புத் தொடர். அந்த மாதத் தொடக்கத்தில்தான் காத்மாண்டுவில் இளைஞர் போராட்டத்தில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டு, ஆட்சி கவிழ்ந்திருந்தது. 27ஆம் தேதி 19 ரன்னில் கிடைத்த வெற்றியை அணித்தலைவர் ரோகித் பௌதேல் அந்தப் போராட்டத்தில் இறந்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 29ஆம் தேதி, திங்கட்கிழமை, 174 ரன் இலக்கைத் துரத்திய மேற்கிந்தியத் தீவுகள் 83க்குச் சுருண்டது. தொடர் நேபாளத்துக்கு. மறுநாள் கடைசி ஆட்டத்தில் பத்து விக்கெட்டில் தோற்றதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பெரிய கிரிக்கெட் நாடுகளில் அந்த முடிவு மேற்கிந்தியத் தீவுகளின் சரிவுக் கதையில் இன்னொரு பக்கமாகவும் படிக்கப்பட்டது, கட்சி மாறிய அந்தக் கல்லூரி மாணவர்களைப் போல. தொடரை நடத்தியது நேபாளம்தான். காகிதத்தில் அது சொந்த மண் தொடர். ஆடிய இடம் ஷார்ஜா, நேபாளிகள் வேலைக்குப் போகும் ஊர்.